குழந்தையில்லாத வீட்டில் கணவனும் மனைவியும்

மணமாகி ஓராண்டு காலம், எந்தத் தடுப்பு முறையும் கையாளாமல் இயல்பாகக் கூடி வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் அதைக் குழந்தையின்மை என்று மருத்துவம் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் என்றேனும் இந்த நிலையைச் சந்திக்கிறார். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வேறுபாடு இதில் அதிகம் இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் மருத்துவம் தரும் அந்த ஓராண்டுக் கெடுவரை யாரும் பொறுப்பதில்லை. கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதமே, "ஏதாச்சும் விசேசமுங்களா?" என்ற விசாரிப்பு தொடங்கிவிடும். கேட்பவர்களுக்கு அது வெறும் குசலம். இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் அதே கேள்விக்கு முகம் கொடுக்கும் பெண்ணுக்கு அது குசலமாக இருப்பதில்லை.

பிள்ளை இல்லாத வருத்தம் ஒன்று. பிள்ளை இல்லாததால் கணவன் மனைவி உறவுக்கு நேர்வது வேறொன்று. இரண்டும் ஒன்றாகவே பேசப்படுவதால் இரண்டாவது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. மணவாழ்வின் நிறைவை ஆராய்ச்சியாளர்கள் சில கேள்விகளை வைத்து அளக்கிறார்கள். கிரஹாம் ஸ்பேனியர் 1976இல் உருவாக்கிய 32 கேள்விகள் கொண்ட அளவுகோல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. பணம், உறவினர், வீட்டு வேலை போன்றவற்றில் இருவருக்கும் உள்ள இசைவு, ஒன்றாகச் சேர்ந்து செய்யும் காரியங்கள், அன்பையும் உடலுறவையும் வெளிப்படுத்தும் விதம், பொதுவான மனநிறைவு என்ற நான்கையும் அது தனித்தனியே பார்க்கிறது. குழந்தையின்மை இந்த நான்கையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. முதலில் அடிவாங்குவது படுக்கையறை. அடுத்தது பணம். உறவினரோடு உள்ள இழுபறி கடைசியில் வந்தாலும் அதுதான் நெடுநாள் நிற்கிறது.

இந்த வட்டாரத்தில் இந்த விஷயத்தைப் பேச வேண்டுமென்றால் ஒரு நாவலைத் தவிர்க்க முடியாது. திருச்செங்கோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த பெருமாள்முருகன் எழுதி 2010இல் வெளிவந்த 'மாதொருபாகன்' அது. சுதந்திரத்துக்கு முந்தைய காலத்துக் கதை. காளியும் பொன்னாவும் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையில்லாத உழவர் தம்பதி. கோயில்தோறும் வேண்டுதல், ஊராரின் ஏளனம், இரண்டாம் தாரம் பற்றிய பேச்சு எல்லாம் அவர்களுக்கு நேர்கின்றன. நாவல் 2014 டிசம்பரில் எதிர்ப்பைச் சந்தித்தது. திருச்செங்கோட்டில் பிரதிகள் எரிக்கப்பட்டன, கடையடைப்பு நடந்தது, எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்தினார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பிள்ளையில்லாத பெண் முன்பின் அறியாத ஆணோடு கூடலாம் என்று நாவல் சொல்லும் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு பற்றியே அத்தனை சண்டையும் நடந்ததில், அந்தப் புத்தகம் ஒரு தாம்பத்தியத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பேச ஆளில்லாமல் போயிற்று.

அது சொல்வது கவனிக்கத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளையில்லாமல் வாழ்ந்தும் காளிக்கும் பொன்னாவுக்கும் இடையே ஆசை குறையவில்லை. இன்னொரு கல்யாணத்துக்கு அவன் சம்மதிக்கவில்லை. ஊர் சொல்லும் சொல்லை இருவரும் சேர்ந்தே சுமக்கிறார்கள். அந்த உறவு உடையும் இடம் வேறு. அந்தத் திருவிழா இரவுக்கு அவளை அனுப்ப இரு குடும்பத்தாரும் அவனுக்குத் தெரியாமல் முடிவெடுக்கிறார்கள். அவன் சம்மதித்துவிட்டான் என்று அவளை நம்ப வைக்கிறார்கள். தொடர்ந்து வந்த 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' இரண்டும் அதற்குப் பின் நடந்திருக்கக்கூடிய இருவேறு வாழ்க்கைகளைச் சொல்கின்றன. இரண்டிலும் காயம் ஒன்றுதான். கற்பனைக் கதையை ஆய்வுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் மறைப்பு மணவாழ்வைக் கெடுக்கும் என்பதை, தொலைவில் உள்ள ஒரு நாட்டின் புள்ளிவிவரங்களும் வேறு வழியில் வந்து சொல்கின்றன.

அந்த நாடு டென்மார்க். அங்கே கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வந்த 2,250 ஆண், பெண்களை லோன் ஷ்மிட் என்பவரின் குழு ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தத் துன்பம் தங்களை ஒருவருக்கொருவர் நெருக்கமாக்கியது, மணவாழ்வை உறுதியாக்கியது என்று பெண்களில் நூற்றுக்கு 26 பேரும் ஆண்களில் 21 பேரும் சொன்னார்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இன்னொரு டேனிஷ் ஆய்வு 2014இல் வந்தது. கருத்தரிப்புப் பரிசோதனைக்கு வந்த 47,515 பெண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள்வரை பின்தொடர்ந்து பார்த்ததில், கடைசிவரை குழந்தை பெறாதவர்கள் துணையைப் பிரிவதற்கான வாய்ப்பு, குழந்தை பெற்றவர்களைவிட மூன்று மடங்குவரை அதிகம் என்று தெரிந்தது. முதல் ஆய்வு நெருக்கத்தைச் சொல்கிறது, இரண்டாவது பிரிவைச் சொல்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். ஒரே நெருப்பு சிலரைச் சுட்டது, சிலரை உருக்கி ஒட்டவைத்தது. யாரைச் சுட்டது என்பதற்கும் முதல் ஆய்விலேயே விடை இருந்தது. விஷயத்தை ரகசியமாக வைத்திருந்த ஆண்கள், மனைவியோடு இதைப் பேசத் திணறிய ஆண்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தவிர்த்து வேலையில் தலையைப் புதைத்துக்கொண்ட ஆண்கள் ஆகியோரே நெருக்கம் கூடவில்லை என்றவர்களில் அதிகம்.

டென்மார்க்கில் ஒத்துவரவில்லை என்றால் பிரிந்துவிடுவார்கள். அதனால் பிரிவுகளை எண்ணினாலே உறவின் நிலை ஓரளவு தெரிந்துவிடும். நாமக்கல்லில் அப்படியில்லை. குடும்ப நீதிமன்றத்துக்குப் போவதைவிட ஒரே கூரைக்குக் கீழே பேசாமல் இருந்து காலம் கழிப்பதே இங்கே வழக்கம். நிலமும் சீரும் சாதிக் கட்டும் இருவரையும் பிடித்து நிறுத்தும். மணவிலக்கு எண்ணிக்கை குறைவு என்பதைக் காட்டி நம் ஊரில் தம்பதிகள் நிறைவாக இருக்கிறார்கள் என்று பெருமைப்படுவோர் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

பழியும் சுமையும் இருவர் மேலும் சமமாக விழாமல் இருப்பதுதான் சிக்கலின் வேர். கருத்தரிக்காமல் போவதற்குப் பெண்ணின் உடலில் பல காரணங்கள் இருக்கலாம்: நீர்க்கட்டி என்று எல்லோரும் சொல்லும் பி.சி.ஓ.எஸ்., கருக்குழாய் அடைப்பு, கருப்பையின் உட்சுவர்த் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இந்தியாவில் இன்னும் குறையாத பிறப்புறுப்புக் காசநோய். ஆணின் உடலிலும் அதே அளவு காரணங்கள் உண்டு. விந்தணு எண்ணிக்கைக் குறைவு, அவற்றின் நீந்தும் திறன் குறைவு, விதைப்பையில் இரத்த நாளங்கள் புடைக்கும் வேரிகோசீல், பருவமடைந்த பின் வந்த பொன்னுக்கு வீங்கி விதையைத் தாக்கியது, புகை, குடி என்று அந்தப் பட்டியலும் நீளும். மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரையான தம்பதிகளில் ஆண் தரப்புக் காரணம் தனியாகவோ பெண் தரப்போடு சேர்ந்தோ இருக்கிறது. சிலரிடம் எவ்வளவு தேடினாலும் காரணமே அகப்படாது.

ஆனாலும் முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுபவள் பெண். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி என்று ஓராண்டு ஓடிய பிறகுதான் கணவனிடம் விந்துப் பரிசோதனை கேட்கப்படுகிறது. இவை எல்லாவற்றிலும் எளியது அதுதான். இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்து ஒரு சிறு குப்பியில் கொடுத்தால் போதும். தனியார் ஆய்வகத்தில் சில நூறு ரூபாயில் முடியும். வலி இல்லை, மயக்க மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்களைக் கீழ் வரம்பாகச் சொல்கிறது. ஒருமுறை குறைவாக வந்தால் அதையே தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆவதால், காய்ச்சலோ மன உளைச்சலோ கடந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இவ்வளவு சுலபமான ஒன்றைக் கணவன் தள்ளிப்போடுகிறான் என்றால் அது பயத்தால்தான். முடிவு மோசமாக வந்துவிட்டால் ஊருக்கு முன் ஆண்மை போய்விடும் என்ற பயம். கருத்தரிக்க வைக்க இயலாமையும் உடலுறவு கொள்ள இயலாமையும் வேறு வேறு என்பது படித்தவர்களுக்கே விளங்குவதில்லை. சிகிச்சை தொடங்கும் முதல் மாதமே இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போகும் வீட்டில் பாதிச் சண்டை எழாமலே போய்விடும்.

இந்த வட்டாரத்தின் தொழில்களுக்கும் இதில் பங்கு உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்குழாய்க் கிணறு போட மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வடக்கே போய் மாதக்கணக்கில் நிற்கும். நாமக்கல் டேங்கர் லாரிகள் நாட்டின் எந்தத் துறைமுகத்துக்கும் போகும். மணமாகி நான்கு வருடமாகிவிட்டது என்று வீட்டார் கணக்குச் சொல்வார்கள். ஊருக்கு வந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தது ஒரு வருடம்கூட வராது. அந்த நாட்களிலும் கரு உண்டாகும் நாட்கள் எத்தனை என்பது வேறு. மருத்துவம் வரையறுக்கும் குழந்தையின்மை அவர்களுக்கு இன்னும் வரவே இல்லை என்றும் சொல்லலாம். போதாக்குறைக்கு, நெடுநேரம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் விதைப்பையின் வெப்பநிலை உயரும். விந்தணு உற்பத்திக்கு உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த வெப்பம் தேவை. அடுப்பருகில், கொதிகலன் அருகில், சாயப்பட்டறையில் நெடுநேரம் நிற்பவர்களுக்கும் மருத்துவர்கள் இதே எச்சரிக்கையைத்தான் சொல்கிறார்கள். வண்டியிலிருந்து வந்து இறங்கியவனிடம், "டாக்டர் தேதி சொல்லியிருக்காங்க" என்று மனைவி சொல்ல வேண்டிவருவதும், அவன் அதற்குள் மறுபடி கிளம்பிவிடுவதும் இந்தப் பக்கத்துத் தாம்பத்தியங்களுக்கே உரிய நெருக்கடி.

தேதி பார்த்துக் கூடுவது சிகிச்சையின் முதல் படி. மாதவிலக்கான இரண்டாம் நாளிலிருந்து மாத்திரை, ஒன்பதாம் பத்தாம் நாளிலிருந்து ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன், முட்டை முதிர்ந்ததும் அதை வெடிக்க வைக்கும் ஊசி, அடுத்த ஒன்றரை நாளுக்குள் உறவு. ஒரு மாதம் இரண்டு மாதம் இது வேடிக்கையாகக்கூட இருக்கும். ஆறாம் மாதம் ஆசைக்கு அங்கே இடமிருக்காது. தேவைப்படும் அந்த இரவில் இயலாமல் போகும் ஆண்கள் பலர். அதுவரை எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கே இது நேர்கிறது. தோற்றுப்போனதாக அவன் நினைக்கிறான், ஒரு மாதம் வீணானதாக அவள் நினைக்கிறாள். இருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. மற்ற நாட்களில் தொடுவதும் குறையத் தொடங்கும், ஏனென்றால் தொடுதல் என்றாலே சிகிச்சை என்றாகிவிட்டது. கருத்தரிப்புக்கு உதவாத நாட்களிலும் தம்பதியர் உறவு கொள்ள வேண்டும், ஓரிரு மாதம் சிகிச்சைக்கு ஓய்வும் கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் அறிவுரை சொல்வது இதனால்தான். பரபரப்பான வெளிநோயாளி நேரத்தில் அந்த அறிவுரையைச் சொல்ல எத்தனை பேருக்கு அவகாசம் கிடைக்கிறது என்பது ஐயம்.

அடுத்த படி விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ., அதையும் தாண்டினால் உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப்., இக்ஸி. உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978இல் இங்கிலாந்தில் பிறந்தது. தமிழ்நாட்டில் 1990இல் சென்னையில் பிறந்தது. இன்று சேலத்தின் ஐந்து ரோடு சுற்றுவட்டாரத்தில் நடந்தாலே கருத்தரிப்பு மைய விளம்பரப் பலகைகள் கண்ணில் படும். பொக்கை வாய்க் குழந்தை சிரிக்காத பலகை ஒன்றும் இராது. 35 வயதுக்குட்பட்ட பெண்களிடமே ஒரு சுற்றில் குழந்தை பிறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான். நாற்பதைத் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகச் சரியும். இந்தக் கணக்கு எந்தப் பலகையிலும் இருப்பதில்லை. ஒரு சுற்றுக்கு லட்சக்கணக்கில் ஆகும் செலவைப் பல வீடுகளில் பெண்ணின் பெற்றோர் தலையில் கட்டுகிறார்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகையே அடகுக் கடைக்குப் போகிறது. குறை கணவனிடம் என்று தெரிந்த பின்னும் செலவு பெண் வீட்டாருடையதாகவே இருப்பதுண்டு. அந்த அநீதியை மனைவி வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மறப்பதில்லை.

உறவினர் கூடும் இடங்களில் இந்தச் சமமின்மை கண்கூடாகத் தெரியும். காதுகுத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையில்லாத ஆணாக இருந்தாலும் தாய்மாமன் தாய்மாமன்தான். குழந்தையை அவன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அவன் சீர் இல்லாமல் காரியம் நடக்காது. அவன் பக்கத்தில் நிற்க வேண்டிய மனைவியிடமிருந்துதான் ஆரத்தித் தட்டு யாரோ ஒருத்தியின் கைக்கு மெல்ல மாறும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். வளைகாப்பு என்றால் அழைப்பே அரை மனதோடு வரும். கணவனுக்கு இது உறைப்பதில்லை, ஏனென்றால் அவனுக்கு எந்த மரியாதையும் குறையவில்லை. வீடு திரும்பியதும் அவள் அழுதால், "இதுக்கெல்லாம் அழுவாங்களா?" என்கிறான். அமெரிக்காவில் ஆர்தர் கிரீல் 1991இல் எழுதிய நூலிலும் ஏறத்தாழ இதே படம்தான் இருக்கிறது: குழந்தையின்மை மனைவியரின் வாழ்க்கையையே நிறைத்துக்கொண்டது, கணவர்களோ அதைத் தீர்க்க வேண்டிய சிக்கல்களில் ஒன்றாகப் பார்த்தார்கள். ஒருவருக்கு எல்லாமும் மற்றவருக்குக் கொஞ்சமுமாக ஒரே துக்கம் இருந்தால் அந்த வீட்டில் பேச்சு நடப்பது கடினம்.

கணவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் மனைவியின் நிறைவு பெரிதும் அமைகிறது. தாய் குத்திக்காட்டும்போது அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒரு பதில். "எனக்குத்தாம்மா குறை, அவளைச் சொல்லாதீங்க" என்று ஒருவன் சொன்னால், அது உண்மையோ பொய்யோ, அந்த வீட்டின் காற்றே மாறும். தன் மேல் இல்லாத குறையை ஏற்றுக்கொண்ட ஆண்களைப் பற்றிய பேச்சு அரிதாகவேனும் ஊர்களில் உண்டு. கணவன் பெயர் கெடக் கூடாதென்று அவன் குறையைத் தன் குறையாகச் சொல்லிக்கொண்டு வாழும் பெண்களைப் பற்றிய பேச்சு அதைவிட அதிகம். அது தியாகம் என்று போற்றப்படுகிறது. போற்றுகிறவர்கள், அந்தப் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் இரண்டாம் தாரப் பேச்சு எழும்போது கணவன் என்ன சொன்னான் என்றும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் தாரம் ஒருகாலத்தில் வெறும் பேச்சாக இருக்கவில்லை. பிள்ளை பெறாத மனைவி இருக்க எட்டாம் ஆண்டில் இன்னொருத்தியைக் கொள்ளலாம் என்று மனுநீதி சொன்னது. சென்னை மாகாணம் 1949இல் இந்து ஆண்களின் இருதார மணத்தைச் சட்டத்தால் தடை செய்தது; 1955இன் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அச்சட்டத்தின் கீழ் குழந்தையின்மை மணவிலக்குக்குக் காரணமாகாது. உடலுறவு கொள்ளவே இயலாமையால் தாம்பத்தியம் தொடங்கப்படாமல் இருந்தால் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். அது வேறு விஷயம். "பிள்ளை இல்லைன்னு கோர்ட்டுல தீர்த்துவிட்டுடலாம்" என்று பஞ்சாயத்தில் மிரட்டுகிறவர்களுக்கும் மிரட்டப்படுகிறவர்களுக்கும் இது தெரிந்திருப்பது நல்லது.

மருத்துவமனைக்கும் முன்பே மக்கள் போன இடம் கோயில், இன்றும் போகிறார்கள். திருச்செங்கோட்டு மலை உச்சியில் வறடிக்கல் என்ற பாறை இருக்கிறது. பாதாளத்தை ஒட்டிய அதன் விளிம்பைப் பிடித்துச் சுற்றி வந்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. சுற்ற வேண்டியவள் பெண். ஆணும் பெண்ணும் சரிபாதியாய் நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலையிலேயே பரிகாரம் மட்டும் ஒரு பாதிக்கு ஒதுக்கப்பட்டிருப்பது விந்தை. மற்ற வேண்டுதல்கள் அப்படியில்லை. மரத்தில் தொட்டில் கட்டுவதும் பழனிக்கு நடப்பதும் கணவன் மனைவி சேர்ந்து செய்பவை. பகுத்தறிவோடு பார்ப்பவர்களுக்கு இவற்றில் மருத்துவப் பயன் ஏதும் தெரியாது. ஆனால் தாம்பத்தியத்துக்கு ஒரு பயன் உண்டு: இருவரும் வெளிப்படையாக ஒரே துக்கத்தோடு ஒரே பாதையில் போகிறார்கள். பாதகம் வேறொரு இடத்தில் இருக்கிறது. நாள் பார்த்து, பரிகாரம் செய்து, நாட்டு மருந்து குடித்து ஐந்தாறு ஆண்டு போன பிறகு மருத்துவரிடம் வரும்போது பெண்ணுக்கு முப்பத்தைந்து தாண்டிவிடுகிறது. கருமுட்டை இருப்பு யாருக்காகவும் காத்திருக்காது.

ரகசியம் இன்றைய சிகிச்சையிலும் புகுந்துவிட்டது. கணவனுக்கு விந்தணுவே இல்லை என்றால் கொடையாளரின் விந்தணுவைப் பயன்படுத்தலாம். மனைவிக்கு முட்டை இல்லை என்றால் கொடைமுட்டை. 2021இன் உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு இருவரின் எழுத்துபூர்வ சம்மதத்தையும் கட்டாயமாக்குகிறது. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயதுவரை சிகிச்சை பெறலாம். முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம். சட்டம் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டிலேயே, ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் பலமுறை கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு வெளிவந்தது; அதில் சேலம் வரை விசாரணை நீண்டது. கொடையாளர் யாரென்று தம்பதிக்குத் தெரியக் கூடாது, சரி. கொடை நடந்தது என்பதே கணவனுக்கோ மனைவிக்கோ அரைகுறையாகத் தெரிந்தால், கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று விளங்காமலே போட்டிருந்தால், பிறந்த குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பிற்பாடு எழும் சந்தேகத்துக்கு மருந்தில்லை. காளியிடம் மறைத்ததைப் போன்ற மறைப்புதான் இதுவும், ஆய்வகத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

தத்தெடுப்பு இன்னொரு வழி. அதிலும் தம்பதியரின் மனமொப்பல்தான் முதல் நிபந்தனை. இந்து தத்தெடுப்பு, வாழ்க்கைப்பொருள் சட்டம் 1956இல் வந்தபோது கணவன் தன் மனைவியின் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம் என்றிருந்தது. மணமான பெண் கணவனின் சம்மதத்தோடு தன் பெயரில் தத்தெடுக்கும் உரிமை 2010 திருத்தத்தில்தான் வந்தது. அநாதைக் குழந்தைகளை மத்தியத் தத்துவள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்துதான் பெற முடியும். குறைந்தது இரண்டாண்டு நிலையான மணவாழ்வு வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் தம்பதியரின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளும். பொறுக்க முடியாதவர்களும், தத்து என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்பவர்களும் குறுக்கு வழி தேடுகிறார்கள். ராசிபுரத்தில் 2019 ஏப்ரலில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைகளை விலைபேசும் குரல் பதிவு வெளியாகி, அவரும் பலரும் கைதாகி, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனது. நிறத்துக்கேற்பப் பேரம் நடந்ததென்று அப்போது செய்திகள் வந்தன. இதே மண்ணில்தான், பிறந்த பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. ஒரு வீட்டில் வேண்டாத குழந்தையும் இன்னொரு வீட்டில் கிடைக்காத குழந்தையும் ஒரே காலத்தில் ஒரே வட்டாரத்தில் இருந்தன. நடுவே சட்டப்படி ஒரு பாலம் போடுவதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

சிகிச்சையும் தோற்று, தத்தும் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களின் நிலை என்ன என்பது அதிகம் எழுதப்படாத பகுதி. ஸ்வீடனில் சிகிச்சை தோற்று இருபது ஆண்டு கடந்த பதினான்கு பெண்களிடம் பேசி 2007இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், அவர்களில் பாதிப்பேர் துணையைப் பிரிந்திருந்தார்கள். வலி ஆறிவிட்டதென்று நினைத்தவர்களுக்கு, தோழியர் பேரன் பேத்தி எடுக்கத் தொடங்கியபோது அது மறுபடி கிளம்பியது. நம் ஊரில் அதோடு முதுமையில் யார் பார்ப்பது, நிலம் யாருக்கு, கொள்ளி யார் வைப்பது என்ற கேள்விகளும் சேரும். அண்ணன் மகனுக்கு எழுதிவைக்கும் முடிவைக் கணவன் தனியாக எடுத்துவிட்டு மனைவிக்குப் பத்திரப்பதிவு அன்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. ஐம்பது வயதில் அது, இருபத்தைந்து வயதில் ஆரத்தித் தட்டு கைமாறியதைவிட ஆழமாக இறங்கும். எதிர்மாறானவர்களும் உண்டு. எந்தச் சுற்றோடு சிகிச்சையை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டவர்கள், நிறுத்திய பிறகு வாழ்க்கையை வேறெதைக் கொண்டு நிரப்புவது என்று சேர்ந்தே யோசித்தவர்கள், நாற்பதுகளின் நடுவில் நெருக்கமாகவே இருக்கிறார்கள். சிகிச்சைக்கு எல்லை வகுப்பது தோல்வியை ஒப்புக்கொள்வது போலத் தோன்றினாலும், முடிவே இல்லாத காத்திருப்பில் பத்தாண்டு கரைவதைவிட அது உறவுக்கு நல்லது.

இவ்வளவையும் பேச ஓர் இடம் வேண்டும். மாமியாரிடமும் முடியாது, ஐந்து நிமிடத்தில் அடுத்த நோயாளியை அழைக்கும் மருத்துவரிடமும் முடியாது. அதற்கான இடத்தைச் சட்டமே வைத்திருக்கிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சையின் விளைவுகளையும் அந்த மையத்தில் வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பதையும் எடுத்துச் சொல்லும் தொழில்முறை ஆலோசனையைக் கருத்தரிப்பு மையம் தம்பதியருக்குத் தந்தாக வேண்டும். முன்பணம் கட்டும் முன் கணவனும் மனைவியும் சேர்ந்து போய் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இருவருடைய பரிசோதனை முடிவுகளையும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியாக அழைத்துச் சொல்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அடிப்படைப் பரிசோதனைகளுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கதவு திறந்தே இருக்கிறது. அங்கே போகும் நாளில் கணவனும் கூடப் போகட்டும்.